முதுகுத்தண்டு இடுக்கியின் திறப்பு விழா

பத்துமலைக்கு முதுகு போனது 1987-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை, காலை ஒன்பதே கால் மணிக்கு. நேரம் இவ்வளவு சுத்தமாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. பிற்பாடு ஆஸ்பத்திரியில் அவன் நிரப்ப வேண்டி வந்த எல்லாப் பாரங்களிலும் முதல் கேள்வி அதுதான். எப்போது வலித்தது, எங்கே வலித்தது, வலித்ததற்குச் சாட்சி உண்டா. இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்கும் கட்டம் மட்டும் எந்தப் பாரத்திலும் இல்லை. மூட்டை பாரம் தூக்கிப் போன முதுகோடு காகிதப் பாரம் தூக்கப் பழக வேண்டியதாயிற்று அவனுக்கு.

அவன் சுங்கை சிப்புட்டில், தௌக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியின் லாரியில் கெலிண்டான். டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவான். போன இடத்தில் டிரைவர் சிகரெட் பிடிப்பார், கெலிண்டான் மூட்டை இறக்குவான். அன்றைக்கு ஆயர் தாவார் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் உர மூட்டை இறக்கினார்கள். பதினேழாவது மூட்டையைத் தோளுக்கு ஏற்றியபோது இடுப்புக்குள் ‘டக்’கென்று ஒரு சத்தம். இடது காலில் யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தான். யாரும் இல்லை. அப்படியே மூட்டையோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மூன்று வாரம் எண்ணெய் தேய்த்தார்கள். சீன வைத்தியர் கறுப்புப் பிளாஸ்திரி ஒட்டினார். வலி முதுகிலிருந்து இறங்கி, தொடை வழியாகக் கெண்டைக்காலுக்குப் போய், பாதத்தில் குடியேறியது. அவன் மனைவி நல்லம்மாள் கமுந்திங்கில் கையுறை செய்யும் பேக்டரியில் வேலை செய்தாள். காலையில் பேக்டரி பஸ்ஸுக்குப் போகும்போது அவன் எந்தப் பக்கம் சுருண்டு கிடந்தானோ, சாயந்திரம் வரும்போதும் அந்தப் பக்கமே சுருண்டு கிடப்பதைப் பார்த்தவள், “எண்ணெயெல்லாம் போதும். ஈப்போ போலாம், கெளம்புங்க” என்றாள்.

ஈப்போவில் அவர்கள் போன ஆஸ்பத்திரி பெரியது. பெயர் வேண்டாம். அங்கே எலும்புப் பிரிவில் டாக்டர் ஜெயபாலன் என்று ஒருவர் இருந்தார். வயது முப்பத்து நாலு. புதிய முறை முதுகு ஆபரேஷன் கற்றுக்கொள்வதற்காக ஜப்பானில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்திருந்தார். முதுகில் மருந்து ஏற்றிப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“அண்ணே, முதுகெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி தட்டு இருக்கு. அதுல ஒண்ணு பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை நசுக்குது.”

“பிதுங்கினத உள்ள தள்ள முடியாதா, டாக்டர்?”

“தள்ள முடியாது. உள்ளேர்ந்து கொஞ்சம் எடுத்துட்டா அமுங்கும். பழைய முறைன்னா முதுகுல ஒரு சாண் கிழிக்கணும், எலும்புலேர்ந்து சதையைப் பிரிக்கணும். ஆறு மாசம் மூட்டை தூக்கக்கூடாது. புது முறையில பென்சில் மொத்தத்துல ஒரு குழாயை உள்ள விட்டு, அது வழியா சின்ன இடுக்கியால நண்டுக் கால்லேர்ந்து சதை எடுக்கிற மாதிரி எடுத்துடலாம். முழு மயக்கம்கூட வேணாம், மரத்துப்போக ஊசி போதும். மறுநாள் நீங்களே நடந்து வீட்டுக்குப் போலாம்.”

ஆறு மாசம் தௌக்கே காத்திருக்க மாட்டார் என்று பத்துமலைக்குத் தெரியும். மூன்று வாரம் காத்திருந்ததே பெரிது. “புதுசே செய்ங்க, டாக்டர்” என்றான்.

“அந்த இடுக்கி எங்க இருக்கு?” என்று கேட்டாள் நல்லம்மாள்.

“இங்கதான். கீழ் மாடி ஸ்டோர்ல. வந்து ரெண்டு மாசமாச்சு.”

டாக்டர் ஜெயபாலன் கெட்டிக்காரர். ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த பொருள் ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்று நம்பும் அளவுக்கு வெள்ளை மனசு.

ஸ்டோரை ஆண்டவர் தலைமை கிளார்க் சூசைநாதன்; தோட்டத்து ஆட்களுக்குக் கிராணி. இருபத்தொன்பது வருட சர்வீஸ். சட்டைப் பையில் ஒரு நீலப் பேனா, ஒரு சிவப்புப் பேனா. நீலத்தால் எழுதினால் பொருள் பிறக்கும், சிவப்பால் அடித்தால் இறக்கும். டாக்டர் பத்துமலையைச் சக்கர நாற்காலியில் வைத்து அவரே தள்ளிக்கொண்டு போனார். நல்லம்மாள் பின்னால் போனாள்.

கண்ணாடி அலமாரிக்குள் ஒரு தகரப் பெட்டி திறந்து கிடந்தது. உள்ளே கறுப்புப் பஞ்சில் குழி செய்து, பதினொரு கருவிகளைப் படுக்க வைத்திருந்தார்கள். நீள ஊசி, மெல்லிய கம்பி, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள், நுனியில் பல் வைத்த ஒரு குழாய், மூன்று இடுக்கிகள். இடுக்கிகளின் வாய் நெல் மணி அளவுகூட இல்லை. பத்துமலை முதல் தடவையாகச் சிரித்தான். இவ்வளவு சின்ன சாமான் வலிக்கவா போகிறது என்று தோன்றியது.

“கொடுக்க முடியாது, டாக்டர்” என்றார் சூசைநாதன். “சாமான் வந்திருக்கு. ஆனா திறப்பு விழா நடக்கலை.”

“பெட்டியத் திறந்துதானே வச்சிருக்கீங்க?”

“அது திறந்தது. நான் சொல்றது திறப்பு விழா. ரெண்டும் வேற லா.”

“நோயாளி இங்க உக்கார்ந்திருக்காரு. பாருங்க.”

சூசைநாதன் எட்டிப் பார்த்தார். நல்ல மனிதர்தான். “ரொம்ப வலிக்குதா?” என்று கேட்டார்.

“ஆமாங்க, கிராணி ஐயா.”

“பாவம்” என்றார். அலமாரியைப் பூட்டினார்.

டைரக்டர் உடையப்பனிடம் போனார்கள். அவரும் டாக்டர்தான். ஆனால் பதினைந்து வருடமாக மேஜையைத் தவிர எதையும் தொட்டுப் பார்த்ததில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த எந்த சாமானும் விழா இல்லாமல் வெளியே வராது என்று அவர் விளக்கினார். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர் வந்து திறந்து வைப்பதாக இருக்கிறது. அவர் தேதி கொடுத்தாயிற்று, ஐந்து வாரம் கழித்து. பிறகு பத்துமலையை மேலும் கீழும் பார்த்து, முகம் மலர்ந்தார்.

“நமக்கு ஒரு முதல் பயனாளி வேணும்னு நேத்துத்தான் பேசிக்கிட்டிருந்தோம். தோட்டத்துல பொறந்தவரா? நல்லது. உழைப்பாளியா? ரொம்ப நல்லது. இவர உடனே வார்டுல சேருங்க.”

அப்படித்தான் பத்துமலை பதினாலாம் நம்பர் படுக்கைக்கு வந்தான். விழா மலரில் அவன் படம் அச்சாகிவிட்டதால், விழாவுக்கு முன் அவனை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று உத்தரவு. பழைய முறையிலாவது செய்துவிடுகிறேன் என்று டாக்டர் ஜெயபாலன் எழுதிக் கேட்டார். “முதல் பயனாளி முன்கூட்டியே குணமாவது நிகழ்ச்சி நிரலுக்கு ஒவ்வாது” என்று பதில் வந்தது.

வார்டுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் இசபெல்லாவை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். தினமும் காலையில் வந்து, அவன் இடது கால் கட்டை விரல்மேல் தன் விரலை வைத்து அமுக்குவாள்.

“தூக்குங்க, அண்ணே. என் விரல எதுத்துத் தூக்குங்க.”

முதல் வாரம் நன்றாகத் தூக்கினான். இரண்டாம் வாரம் தூக்கினான். நாலாம் வாரம் ஒரு காலை, “தூக்குங்க” என்றாள் இசபெல்லா.

“தூக்கிட்டுத்தான் இருக்கேன், மிஸ்ஸி.”

அவள் அட்டையில் எழுதிவிட்டு, டாக்டரைக் கூப்பிடப் போனாள். டாக்டர் வந்து குண்டூசியால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மேல் பாதத்தில் ஒரு கை அகலத்துக்கு அவனுக்கு எதுவுமே தெரியவில்லை. டாக்டர் டைரக்டர் அறைக்கு ஓடினார். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். வந்தவர் படுக்கையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“என்னா சொன்னாரு, டாக்டர்?”

“உங்களுக்கு எத்தனாம் நம்பர் சட்டைன்னு கேட்டாரு.”

சட்டை வந்தது. வெள்ளை, முழுக்கை. விழாவுக்கு மூன்று நாள் முன்பு ஒத்திகை நடந்தது. பத்துமலை நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று அடி நடந்து, டத்தோவிடம் பூச்செண்டு கொடுத்து, “தெரிமா காசே” என்று மலாயில் நன்றி சொல்ல வேண்டும். எழுந்தான். இரண்டாவது அடியில் இடது பாதம் தரையில் இழுபட்டுத் தடுக்கியது. முகம் கோணியது.

“அப்படி மூஞ்ச வைக்கக்கூடாது” என்றார் டைரக்டர். “வலி இருக்கிறது தெரியக்கூடாது. ஆனா வலி இருந்ததுங்கிறது தெரியணும்.”

அந்த மூஞ்சியை வார்டுக் கழிவறைக் கண்ணாடியில் இரண்டு நாள் பழகினான் பத்துமலை. அவனுக்கு வரவில்லை.

விழா ஆஸ்பத்திரி மண்டபத்தில் நடந்தது. மேடையில் மஞ்சள் துணி விரித்து, அதன்மேல் தகரப் பெட்டி. இரண்டு கம்பங்களுக்கு நடுவே மூன்று விரல் அகலத்தில் சிவப்பு சாட்டின் ரிப்பன். முன் வரிசையில் முதல் பயனாளி. அவனுக்குப் பின்னால், பேக்டரியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த நல்லம்மாள்.

டைரக்டர் மலாயில் பேசினார். தமிழில் அது இப்படி வரும்:

“மற்ற ஆஸ்பத்திரிகள் கருவிகளை வாங்கிய மறுநாளே பயன்படுத்தித் தேய்த்துவிடுகின்றன. நாம் அப்படியல்ல. மூன்று மாதங்களுக்கும் மேலாக இந்தக் கருவிகள் நம்மிடம் இருக்கின்றன. இவற்றில் ஒன்றில்கூட இதுவரை ஒரு சொட்டு ரத்தம் பட்டதில்லை. இவற்றால் ஒரு நோயாளிக்கும் சீழ் பிடித்ததில்லை, ஒருவரும் இறந்ததில்லை. உலகத்தில் எந்த ஆஸ்பத்திரி இப்படிச் சொல்ல முடியும்? சிறிய துளையில் பெரிய வைத்தியம் என்கிறார்கள். நான் சொல்கிறேன், நமது ஆஸ்பத்திரியில் எதுவுமே சிறியதாக இருக்காது. இந்த விழாவே அதற்குச் சாட்சி.”

கைதட்டல் அடங்கியதும் டத்தோ ரிப்பன் வெட்ட எழுந்தார். தட்டில் கத்தரிக்கோல் இருந்தது. டைரக்டருக்கு அந்த நேரத்தில்தான் அந்த யோசனை உதித்தது. பெட்டியிலிருந்து ஓர் இடுக்கியை எடுத்து, இரண்டு கையாலும் டத்தோவிடம் நீட்டினார். புதிய கருவிகளைப் புதிய கருவியாலேயே திறப்பது.

“சார், அது கத்தரி இல்ல” என்று எழுந்தார் டாக்டர் ஜெயபாலன். “அது கவ்வி எடுக்கிற இடுக்கி. வெட்டாது.”

“நுட்பமெல்லாம் பிறகு பேசலாம், டாக்டர்.”

டத்தோ ரிப்பனைக் கவ்வினார். நெல் மணி வாய் ஒரு நூலைப் பிடித்தது. இழுத்தார். விட்டது. மறுபடி கவ்வினார். ரிப்பன் அறுந்ததும் நிறுத்தும்படி சொல்லி வைத்திருந்ததால் உறுமி மேளக்காரர்கள் நிறுத்தாமல் அடித்தார்கள். நாலு நிமிடம் டத்தோ அந்த ரிப்பனைக் கோழி கீரையைக் கொத்துகிற மாதிரி கொத்தினார். கடைசியில் பொறுமை இழந்து, இடுக்கியை ரிப்பனில் சுற்றி ஒரு முறுக்கு முறுக்கினார். ‘டிக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. வலது பக்கக் கம்பம் சாய்ந்து ரிப்பன் கீழே விழுந்தது. எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பத்துமலையால் எழ முடியவில்லை. பூச்செண்டை நல்லம்மாள்தான் கொண்டு போய்க் கொடுத்தாள். “தெரிமா காசே” சொல்ல அவள் மறந்துவிட்டாள் என்று பிறகு குறிப்பு எழுதப்பட்டது.

மறுநாளே ஆபரேஷன் என்று டாக்டர் நம்பினார். காலையில் சிஸ்டர் இசபெல்லாவை ஸ்டோருக்கு அனுப்பினார். அவள் பெட்டியோடு வந்தாள். பதினொரு கருவியிலும் ஒரு வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஸ்டிக்கரில் இருபத்து மூன்று எழுத்தில் ஒரு நம்பர், அதன் கடைசியில் பதினொன்றில் ஒன்று, பதினொன்றில் இரண்டு என்று கணக்கு. கருவிகள் மெல்லியவை, ஸ்டிக்கர் அகலம். ஊசியில் அது சின்னக் கொடி மாதிரி பறந்தது.

ஒரு குழாயை இசபெல்லா ஆவியில் வேகவைக்கும் மெஷினில் போட்டு எடுத்துப் பார்த்தாள். ஸ்டிக்கர் வெந்த மீ நூடுல்ஸ் போல் கையோடு வந்தது. அவளும் டாக்டரும் அதைத் தாளில் வைத்து சூசைநாதனிடம் கொண்டு போனார்கள். அவர் அதிர்ந்து போய்விட்டார். துக்க வீட்டில் நிற்பவர் போல மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நம்பர் இல்லாத சாமான் அரசாங்கச் சாமான் இல்ல, மிஸ்ஸி. அரசாங்கச் சாமான் இல்லாத சாமான இங்க நோயாளி மேல வைக்க முடியாது.”

“வேகவைக்காம எப்படி முதுகுல விடறது, சார்? அழுக்கு உள்ள போகாதா?” என்றாள் இசபெல்லா.

“அழுக்கப் பத்தி என்கிட்ட விதி ஒண்ணும் இல்ல. ஸ்டிக்கரப் பத்தி இருக்கு.”

இந்தச் சிக்கலைத் தீர்க்க ஒரு கமிட்டி கூடியது. டைரக்டர், சூசைநாதன், டாக்டர் ஜெயபாலன். பத்துமலையையும் நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, ஓர் ஆதாரமாக மூலையில் நிறுத்தினார்கள். சாப்பாடு கொண்டு வந்திருந்த நல்லம்மாளை வெளியே போகச் சொல்ல யாருக்கும் அதிகாரம் எழுத்தில் இல்லாததால் அவளும் அடுக்குச் சட்டியோடு நின்றாள்.

ஸ்டிக்கரைப் பற்றிப் பேசும்போதே இன்னொரு விஷயம் கிளம்பியது. ஆபரேஷன் பாரத்தில் காயத்தின் நீளத்தை எழுத வேண்டும். கால் அங்குலம் என்று டாக்டர் எழுதியிருந்தார். சூசைநாதன் வெள்ளைக்காரன் காலத்துச் சுற்றறிக்கை ஒன்றை எடுத்துப் படித்தார். ஒரு அங்குலத்துக்குக் குறைந்த காயம் ஆபரேஷன் ஆகாது. கொப்புளம் உடைப்பது, குத்திய மரச் சிலாம்பு எடுப்பது வகையில் சேரும். அதற்குக் கமிட்டி அனுமதியோ பெரிய தியேட்டரோ கிடையாது.

“முதுகுத்தண்டுல கை வைக்கிறோம், சார்! இது சிலாம்பா?” என்றார் டாக்டர்.

டைரக்டர் கண்ணை மூடி யோசித்தார். “ஒரு சமரசம் பண்ணலாம். ஆறு அங்குலம் வெட்டிக்குங்க. அதுல கால் அங்குலத்த மட்டும் பயன்படுத்துங்க.”

 பத்துமலை அடிப்படையில் மரியாதை தெரிந்தவன். கையைத் தூக்கிவிட்டுக் கேட்டான்: “ஐயா, மிச்சம் அஞ்சே முக்கா அங்குலம் எதுக்குங்க?”

“அது உங்களுக்கு இல்ல. ஃபைலுக்கு.”

அப்போதுதான் சூசைநாதன் தொண்டையைச் செருமினார். மனசாட்சி உள்ளவர், விழா முடிந்து பத்து நாளாகத் தூங்கவில்லை. “சார், இன்னொண்ணு. பதினொண்ணுல ஒன்பதாம் நம்பர் இடுக்கி உடைஞ்சிருக்கு. வாய் கோணிப் போச்சு. உடைச்சது யாருன்னு எழுதணும்.”

உடைத்தது யார் என்று நானூறு பேருக்குத் தெரியும். டைரக்டர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். டத்தோ உடைத்தார் என்று எழுத முடியாது. வரும்போதே உடைந்திருந்தது என்றால், உடைந்த சாமானுக்கு விழா எடுத்ததாகிவிடும். கடைசியில் ‘நீண்ட கால உபயோகத்தால் ஏற்பட்ட இயல்பான தேய்மானம்’ என்று எழுதுவதாக முடிவாயிற்று.

“தேய்மானம்னா கழிவுப் பட்டியல்ல போடணும், சார்” என்றார் சூசைநாதன். “பதினொண்ணும் ஒரே நம்பர். ஒண்ணு கழிஞ்சா எல்லாம் கழிஞ்ச மாதிரி.”

“போடுங்க.”

“சார்!” என்று மேஜையில் தட்டினார் டாக்டர் ஜெயபாலன். “பத்து சாமான் புத்தம் புதுசா இருக்கு! இந்த மனுஷன் கால் செத்துக்கிட்டு இருக்கு!”

டைரக்டர் கையெழுத்துப் போட்டார். சூசைநாதன் சிவப்புப் பேனாவை எடுத்து, ஸ்கேல் வைத்து, பதினொரு வரியையும் நேராக அடித்தார். பெட்டி ஸ்டோருக்குப் பின்புறம் இரும்புக் கூண்டில், உடைந்த கட்டில்களுக்கு நடுவே போய் விழுந்தது. டாக்டர் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். பத்துமலைக்கு அவரைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது.

“விடுங்க, டாக்டர். ஒரு கால் இருக்கில்ல.”

நல்லம்மாள் அங்கே நிற்கவில்லை. அடுக்குச் சட்டியோடு நேராக ஸ்டோருக்குப் போயிருந்தாள். அவள் வேலை செய்யும் பேக்டரியில் ஓட்டை விழுந்த கையுறைகளை ‘ரிஜெக்ட்’ என்று தனிக் கூடையில் கொட்டுவார்கள். கூடையில் விழுந்த பிறகு அதை யார் எடுத்தாலும் சூப்பர்வைசர் திரும்பிப் பார்க்க மாட்டார். பாதிக் கையுறையில் ஓட்டையே இருக்காது.

“கிராணி ஐயா, சிவப்பு மையில அடிச்சிட்டீங்கன்னா அந்தச் சாமான் யாருது?”

“யாருதும் இல்லம்மா. அப்படி ஒரு சாமானே இல்ல.”

“அதுக்கு ஸ்டிக்கர் வேணுமா?”

“இல்லாத சாமானுக்கு எதுக்கு ஸ்டிக்கர்?”

“கூண்டுக்குள்ளேர்ந்து அத ஒருத்தங்க எடுத்துக் கழுவினா, யாரு கேப்பாங்க?”

சூசைநாதன் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். அலமாரியில் வரிசையாக நின்ற விதிப் புத்தகங்களை ஒரு முறை பார்த்தார். இருபத்தொன்பது வருடத்தில் அவரை யாரும் இந்தக் கேள்வி கேட்டதில்லை.

“கேக்கணும்னா அதுக்கு ஒரு பாரம் வேணும்மா” என்றார் மெதுவாக. “அப்படி ஒரு பாரம் கிடையாது.” பிறகு, “சனிக்கிழமை காலையில கூண்டு பூட்ட மறந்துபோறது எனக்கு வழக்கம்” என்று சொல்லிவிட்டு, அவளைப் பார்க்காமல் எழுதத் தொடங்கினார்.

நல்லம்மாள் படிக்கட்டுக்கு ஓடி வந்து சொன்னபோது டாக்டர் முதலில் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்தினார். ஒரு அங்குலத்துக்குக் குறைந்த காயத்துக்குக் கமிட்டி அனுமதி வேண்டாம். இல்லாத சாமானுக்கு ஸ்டிக்கர் வேண்டாம். விதியில் எங்கேயும் தடையில்லை.

சனிக்கிழமை காலை, எக்ஸ்ரே திரை உள்ள சின்ன அறையில் பத்துமலையை வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்தார்கள். இசபெல்லா பத்துக் கருவிகளையும் ஸ்டிக்கர் இல்லாமல் ஆவியில் வேகவைத்து, பச்சைத் துணியில் பரப்பியிருந்தாள். டாக்டர் மரத்துப்போகும் ஊசி போட்டார். பிறகு நீள ஊசி, அதற்குள் கம்பி, கம்பியின் மேல் குழாய், குழாயின் மேல் குழாய் என்று ஒவ்வொன்றாக உள்ளே போயின. பத்துமலைக்கு யாரோ முதுகைக் கட்டை விரலால் அழுத்துகிற மாதிரி மட்டும் இருந்தது.

“அண்ணே, காலுக்குக் கரண்டு போனா உடனே சொல்லுங்க.”

“இப்பப் போவுது, டாக்டர்!”

டாக்டர் ஒரு மயிரிழை பின்வாங்கினார். “இப்ப?”

“இல்ல.”

இடுக்கி உள்ளே போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் எதையோ கொண்டு வந்து கிண்ணத்தில் உதறியது. நாற்பது நிமிடம் கழித்து டாக்டர் குழாயை எடுத்துவிட்டு ஒரு பிளாஸ்திரி ஒட்டினார். தையல்கூட ஒன்றுதான். கிண்ணத்தை அவன் கண்ணுக்கு முன்னால் காட்டினார். துருவிய தேங்காய் மாதிரி வெள்ளையாக ஒரு ஸ்பூன் இருந்தது.

“இவ்வளவுதானா?” என்றான் பத்துமலை. ஏழு வாரத்துக்கு அவன் இன்னும் கொஞ்சம் பெரிதாக எதிர்பார்த்திருந்தான்.

மத்தியானம் அவன் கட்டிலிலிருந்து எழுந்தான். தொடையில் வலி இல்லை. கெண்டைக்காலில் இல்லை. இருக்கும் என்று பயந்து ஒரு அடி வைத்தான். இல்லை. கழிவறை வரை யாரையும் பிடிக்காமல் போய், கதவைச் சாத்திக்கொண்டு அழுதான். வெளியே நின்ற நல்லம்மாளுக்குக் கேட்டது. கேட்காதது போல் புடவைத் தலைப்பை உதறிக்கொண்டிருந்தாள்.

சாயந்திரம் டாக்டர் வந்து அவன் கட்டை விரல்மேல் விரல் வைத்தார். “தூக்குங்க, அண்ணே.”

விரல் அசையவில்லை. டாக்டர் இன்னொரு முறை கேட்டார். அப்புறம் போர்வையை இழுத்து அந்தக் காலை மூடினார்.

“திரும்ப வரலாம். ஒரு வருஷம் ஆகலாம். வராமலும் போலாம், அண்ணே. முதல் வாரமே செஞ்சிருந்தா…”

“நடக்கிறேன் இல்ல, டாக்டர். அது போதும்.”

திங்கட்கிழமை டைரக்டர் வார்டைச் சுற்றி வந்தார். பதினாலாம் நம்பர் நோயாளி ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தான். “இவர யாரு நிக்கச் சொன்னது?” என்று கேட்டார். சொன்னார்கள். முகம் சிவந்தது, பிறகு வெளுத்தது. ஆபரேஷன் நடந்தது என்றால் கருவிகள் இருக்கின்றன. கருவிகள் இல்லை என்று எழுதி, அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆகவே ஆபரேஷன் நடக்கவில்லை. நடக்காத ஆபரேஷனுக்காக ஒரு டாக்டரைத் தண்டிக்க முடியாது. டாக்டர் ஜெயபாலனின் சிறந்த சேவையைப் பாராட்டி, ஆபரேஷன் தியேட்டர் இல்லாத ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குக் கிழக்குக் கரைப் பக்கம் மாற்றல் கொடுத்தார்கள்.

பத்துமலையின் டிஸ்சார்ஜ் கடிதத்தில், ‘எமது ஆஸ்பத்திரியில் அளிக்கப்பட்ட ஏழு வாரப் பூரண ஓய்வினால் குணமடைந்தார். குறை ஏதும் இல்லை’ என்று எழுதியிருந்தது. முதுகில் இருந்த பிளாஸ்திரிக்கு, கொப்புளம் என்று தனியாக ஒரு சீட்டு.

அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் பிடிக்க நல்லம்மாளோடு ஆஸ்பத்திரியின் பின் கேட் வழியாக வந்தான். ஸ்டோருக்குப் பின்னால் பழைய இரும்பு ஏற்றும் லாரி நின்றது. கெலிண்டான் ஒருத்தன், கூண்டிலிருந்து உடைந்த கட்டில், ஓட்டை வாளி எல்லாவற்றையும் லாரிமேல் வீசிக்கொண்டிருந்தான். இசபெல்லா கழுவித் துடைத்துத் திருப்பி வைத்திருந்த தகரப் பெட்டி அவன் கையில் இருந்தது. டாக்டர் அதைக் கேட்டுப் பார்த்தாராம். பழைய இரும்பு என்று எடை போட்டு எழுதியாயிற்று, இனி எடை குறையக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம்.

“தம்பி, பாத்துப் போடு லா!” என்று கத்தினான் பத்துமலை.

அந்தக் கெலிண்டான் நின்றான். “உங்க சாமானாண்ணே?”

 “என் முதுகுக்குள்ள இருந்திச்சு” என்றான் பத்துமலை.

அந்தக் கெலிண்டான் நல்லம்மாளைப் பார்த்தான், பத்துமலையைப் பார்த்தான். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் பலவிதம் என்று நினைத்திருப்பான். சிரித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக் கட்டில்களின் மேல் எறிந்தான். உள்ளே கருவிகள் கலகலவென்று ஒரு சத்தம் போட்டு அடங்கின.

“வாங்க, பஸ்ஸு போயிடும்” என்றாள் நல்லம்மாள்.

நாலு அடி போனதும் இடது கால் லேசாகிவிட்டது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தான். செருப்பு பின்னால் ரோட்டில் கிடந்தது. கழன்றது காலுக்குத் தெரியவில்லை. நல்லம்மாள் எடுக்கப் போனாள். “இரு” என்று அவளை நிறுத்திவிட்டு, அவனே திரும்பிப் போய்க் குனிந்து, கையால் செருப்பைக் காலில் மாட்டினான். குனியும்போது கொஞ்சம்கூட வலிக்கவில்லை.